பழைய ஆம்னி மேட்டில் நாக் அடிக்கிறது: பெட்ரோல்தான் காரணமா?

ஏப்ரல் 6, 2025

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"அண்ணா, 1998 மாடல் ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறோம், பாத்திரம், அடுப்பெல்லாம் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போவோம். அடிவாரம் தாண்டி மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால் சீட்டுக்கு அடியில் தகர டப்பாவில் பட்டாணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மெக்கானிக் பெட்ரோல்தான் காரணம், எத்தனால் கலக்கிறார்கள் என்கிறார். விலை கூடின பெட்ரோல் போடச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அதைப் போட்டால் கட்டுப்படியாகுமா?"

ஏப்ரல் 6, இரவு

கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை.

உங்கள் வண்டியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு, 9-க்கும் கீழே. இந்த வண்டி ஷோரூமிலிருந்து வந்த காலத்தில் பங்கில் கிடைத்த சாதாரணப் பெட்ரோல் 87 ஆக்டேன் (தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் எண்). அப்புறம் 88 ஆனது, பிறகு 91. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதற்கு 95. அதாவது, 87-ல் நாக் (knock, நீங்கள் சொல்லும் அந்தப் பட்டாணிச் சத்தம்) அடிக்காமல் மலை ஏறிய இன்ஜின் 95-ல் அடிக்கிறது. பெட்ரோல் முன்னேறியிருக்கிறது, இன்ஜினுக்குள் ஏதோ கெட்டிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும். விலை கூடின பெட்ரோல் சத்தத்தைக் குறைக்கலாம். கெட்டது கெட்டபடியே உள்ளே இருக்கும்.

நான் இதில் கொஞ்சம் அழுத்தமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் குற்றம் சொல்லிக்கொண்டே ஓட்டி, பிஸ்டன் ரிங் உடைந்து இன்ஜின் வேலைக்கு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

ஏப்ரல் 7

உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். பிளக் பொறி வைத்ததும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை. பிளக்கிலிருந்து தீ பரவிக்கொண்டே சிலிண்டர் ஓரம் வரைக்கும் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள், ஓரத்தில் காத்திருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக். அந்தத் திடீர் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதித் திரும்பும் சத்தம்தான் உங்கள் காதில் விழுகிறது. சிலிண்டர் சின்னதாக இருக்க இருக்க சத்தம் இன்னும் கூர்மையாக இருக்கும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மற்ற வண்டிகளைவிடத் தெளிவாகக் கேட்கும். அது ஒருவிதத்தில் உங்களுக்கு நல்லது.

ஓரத்துக் கலவை தானாகப் பற்றுவதற்குக் காரணம் மூன்றுதான்: சூடு அதிகம், அழுத்தம் அதிகம், அல்லது காத்திருக்கும் நேரம் அதிகம். டைமிங் (பொறி விழும் நேரம்), கார்பன், ரேடியேட்டர், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை), பிளக், கியர் என்று இனி நான் எதைச் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வேன்.

ஏப்ரல் 7, கொஞ்சம் கழித்து

சொல்ல விட்டது: முதலில் அது நாக்தானா என்று உறுதிசெய்யுங்கள். சைலன்சர் மேல் இருக்கும் தகட்டின் போல்ட் லூசானால் கிட்டத்தட்ட இதே சத்தம் வரும், ஆனால் அது லோடைவிட ஆர்பிஎம்மைத்தான் (இன்ஜின் சுற்றும் வேகத்தை) பின்தொடரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் போயிருந்தால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் டிக்டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கும். டேப்பட் சத்தம் நிறுத்தி வைத்திருந்தாலும் கேட்கும். பெரிங் போயிருந்தால் டொக் டொக் என்று கனமாக இருக்கும். நாக் மட்டும்தான் லோடில் மிதிக்கும்போது வந்து, காலை எடுத்த நொடியில் போகும். உங்கள் விவரிப்பு அதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் வண்டியை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு சைலன்சர் தகட்டைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 9

மெக்கானிக் டெல்கோவை (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) கொஞ்சம் திருப்பி டைமிங்கைக் குறைத்துவிட்டாராம், அதாவது பொறி தாமதமாக விழும்படி செய்துவிட்டாராம். சத்தம் நின்றுவிட்டதாம். ஆனால் வண்டி இழுக்கவில்லை, ஏற்காடு பாதியில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறதாம்.

இரண்டும் ஒரே காரணத்தால் வருவதுதான். பொறி தாமதமானால் எரிவதும் தாமதமாகும். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் தீ எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வழியாகவும் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) வழியாகவும் வெளியே போகும். வண்டி இழுக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், தண்ணீர் சூடாகும். தண்ணீர் சூடானால் ஹெட் சூடாகும், ஹெட் சூடானால் மறுபடி நாக் வரும். அப்போது இன்னும் கொஞ்சம் திருப்புவார்கள். இந்தச் சுற்றில் மாட்டிய வண்டிகளை நிறைய பார்க்கலாம்.

டைமிங் தவறாக இருந்தால் அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது வைத்தியம். டைமிங் சரியாக இருந்து, வேறெங்கோ கெட்டதற்காக அதை நகர்த்துவது வைத்தியம் இல்லை. எனவே முதல் கேள்வி, இப்போது டைமிங் எங்கே இருக்கிறது? காதால் கேட்டுச் சொல்ல முடியாது. பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் வேண்டும்.

ஏப்ரல் 12

பிளக் எப்படிப் பார்ப்பது என்று இன்னொருவரும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடமும் 1999 ஆம்னி இருக்கிறது, திருப்பூரில் பனியன் பண்டல் ஏற்றுகிற வண்டி. பல வருடங்களுக்கு முன் அது மேட்டில் அடிக்க ஆரம்பித்தபோது மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். முதலும் மூன்றாவதும் இளம் பழுப்பு, நல்ல நிறம். நடுவில் இருந்த பிளக்கின் பீங்கான் வெள்ளைவெளேர் என்று வெளுத்திருந்தது. வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஊசி முனை அளவில் பளபளப்பான உருண்டைகள் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தன. துணியால் துடைத்தால் போகவில்லை. அது அலுமினியம். பிஸ்டன் தலையிலிருந்து உருகி வந்து பீங்கானில் ஒட்டியது. பிறகு ஹெட்டை இறக்கியபோது அந்த நடு பிஸ்டனின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் மேல்தோல் அரித்திருந்தது, நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்பட்டது.

அதனால், பிளக் வெள்ளையாக இருந்தால் கவலைப்படுங்கள். பளபளப்பான புள்ளி இருந்தால் லோடு ஏற்றுவதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

பிளக்கில் இன்னொரு விஷயம், கடைக்காரர்களே பலர் தவறவிடுவது. பிளக்குக்கு ஹீட் ரேஞ்ச் என்று ஒன்று உண்டு, சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்தும் என்பது. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷ் பிளக்கில், அதாவது முன்பு மைக்கோ என்று வந்ததில், எண் கூடினால் பிளக் சூடு. இரண்டும் நேர் எதிர். ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறும்போது எண்ணைப் பார்த்துக் குத்துமதிப்பாக வாங்கினால் சூட்டு பிளக் உள்ளே போய்விடும். அதன் நுனி சிவந்து பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்தால் நாக்கைவிட மோசம். ஓனர் மேனுவலில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 13

சேலம் வாசகர் கேட்கிறார்: "டைமிங்கைத் திருப்புவதற்கு முன்பு, பாதி மலை ஏறினதும் சத்தம் குறைந்ததே, ஏன்?" நல்ல கவனிப்பு.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெல்லிதாகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்தால் அழுத்தம் குறையும். காற்றும் குளிர்ச்சி. மூன்றாவது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உயரத்தைக் கண்டு பெட்ரோலைக் குறைக்காது, அதனால் கலவை கொஞ்சம் ரிச்சாகிவிடும் (பெட்ரோல் கூடிவிடும்). மூன்றுமே நாக்கை அடக்கும். ஆகவே உங்கள் இன்ஜின் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது, பெரிதாக எதுவும் உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதிலும் ரிச்சாகும்போது குறைகிறது என்பதைக் குறித்து வையுங்கள். கீழே கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. பின்னால் பார்ப்போம்.

ஏப்ரல் 18

இன்று அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பாருங்கள்: "முன்னாடி ஓனர் கேஸ் கிட் போட்டிருந்தார், சிலிண்டரும் கிட்டும் கழற்றித்தான் வாங்கினேன்."

தம்பி, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வரிசையையே மாற்றியிருப்பேன்.

எல்பிஜிக்கு ஆக்டேன் பெட்ரோலைவிட நன்றாகவே அதிகம். அதனால் கிட் மாட்டும் கடைகளில் டைமிங்கைச் சில டிகிரி முன்னுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். கேஸில் ஓடும்போது அதுதான் நல்லது, வண்டி நன்றாக இழுக்கும். கிட்டைக் கழற்றும்போது கேஸ் சிலிண்டரைக் கழற்றுவார்கள், ரெடியூசரை (கேஸின் அழுத்தத்தைக் குறைத்து ஆவியாக்கும் பாகம்) கழற்றுவார்கள், டெல்கோவை யாரும் திருப்பி வைப்பதில்லை. பெட்ரோலுக்கு அந்த டைமிங் மிக முன்னால் இருக்கும். பொறி முன்கூட்டியே விழுந்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும்.

உங்கள் மெக்கானிக் குத்துமதிப்பாகப் பின்னுக்குத் திருப்பியதால் இப்போது அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. லைட் வைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 18, இரவு

கேஸ் கிட்டைப் பற்றி இன்னும் யோசித்தேன். அது வண்டியில் விட்டுப் போயிருக்கக்கூடிய தடயங்கள் இன்னும் இரண்டு.

ரெடியூசரில் திரவ எல்பிஜி ஆவியாகும்போது அது உறைந்துபோகாமல் இருக்க இன்ஜினின் சூட்டுத் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிடுவார்கள். அதற்காகக் கூலன்ட் ஹோஸை வெட்டி டீ (T வடிவ இணைப்பு) போட்டிருப்பார்கள். கிட்டைக் கழற்றியவர்கள் அந்த டீயை என்ன செய்தார்கள்? அடைத்தார்களா, இரண்டு முனையையும் ஒரு ஹோஸால் இணைத்தார்களா? அந்த இடத்தில் ஒழுகினாலும் காற்று தங்கினாலும் ஹெட்டுக்குத் தண்ணீர் சரியாகப் போகாது. முள் மேலே போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, பழைய வகை ரெடியூசருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) ஒரு வேக்யூம் ஹோஸ் போகும். அதை வெட்டி ஒரு ஸ்க்ரூவைச் செருகி விட்டிருப்பார்கள். ரப்பர் வெடித்தால் அங்கே காற்று உறிஞ்சும்.

சீட்டைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்து இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், படம் எடுத்து அனுப்புங்கள்.

ஏப்ரல் 19

டைமிங் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். இன்ஜின் முழுதாகச் சூடாகி, ஐடில் சரியான ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும். வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைக்க வேண்டுமா என்பதை மேனுவல் சொல்கிறபடி செய்யுங்கள். முதல் சிலிண்டர் வயரில் கிளிப்பை மாட்டி ஃப்ளைவீல் குறியில் அடித்துப் பாருங்கள். பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டெல்கோ என்றால் முதலில் பாயிண்ட் கேப், பிறகுதான் டைமிங். கேப் மாறினால் டைமிங்கும் மாறும், வரிசையை மாற்றிச் செய்தால் செய்தது வீண்.

ஐடிலில் குறி சரியாக நின்றதும் விட்டுவிடாதீர்கள். மெல்ல ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள். குறி சீராக முன்னுக்கு நகர வேண்டும். டெல்கோவுக்குள், வேகம் கூடக் கூடப் பொறியை முன்னுக்குத் தள்ளும் வெயிட்டுகளின் ஸ்ப்ரிங் வருடக்கணக்கில் தளர்ந்திருந்தால் குறி சட்டென்று தாவும். அப்படி இருந்தால் ஐடிலில் டைமிங் சரியாகத் தெரிந்தும், ரோட்டில் நடு ஆர்பிஎம்மில் நாக் அடிக்கும். குறி ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கினால் டெல்கோ புஷ் தேய்ந்திருக்கிறது.

ஏப்ரல் 27

லைட் வைத்துப் பார்த்து மேனுவல் எண்ணுக்குக் கொண்டுவந்தாயிற்று. அவர் மெக்கானிக் திருப்பியதில் பொறி மிகவும் தாமதமாகிப் போயிருந்ததாம். வெயிட் ஸ்ப்ரிங் பரவாயில்லை. வண்டி இப்போது இழுக்கிறது. காலையில் சத்தமே இல்லை. மதிய வெயிலில், லோடுடன், அடிவாரத்தில் மட்டும் லேசாக அடிக்கிறது.

சரி, பாதி வேலை முடிந்தது. மீதி சூடும் கலவையும். மதியம் மட்டும் வருகிறது என்பதால் முதலில் சூடு.

படத்தில் கூலன்ட் ஹோஸைப் பார்த்தேன். டீ இன்னும் அங்கேயே இருக்கிறது, ஒரு முனையில் கிளாம்ப் போட்டு இறுக்கிய அடைப்பு, அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. உப்புப் பூத்திருந்தால் அங்கே ஒழுகி ஒழுகிக் காய்கிறது என்று பொருள். அந்த ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள், டீ இல்லாமல் ஒரே துண்டாக. இன்னொன்று, அந்த வெள்ளை உப்பு போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று காட்டுகிறது. எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் போர் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று வீட்டு ஹீட்டரைத் திறந்தால் தெரியும். ரேடியேட்டருக்குள்ளும், ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய பாதையிலும் அதே சுண்ணாம்புதான் படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் செய்து (உள் குழாய்களில் கம்பி விட்டு அடைப்பை எடுத்து), டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி சூடாகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள்.

மே 3

கேள்விக்கு நேர் தொடர்பில்லாத ஒன்று, ஆனால் பேச்சு ஆக்டேனுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை, தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனைச் சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அந்தக் கலவைகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. அந்த எண்ணைக் கூட்ட உலகம் ஒரு காலத்தில் பிடித்த வழி ஈயம். 1921 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் நாக்கை அடக்குகிறது என்று கண்டார். ஒரு லிட்டரில் துளி கலந்தாலே போதும். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்க சைலன்சர்கள் ஈயத்தைக் கக்கின. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்று தெரிந்த பிறகும் விடுவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்து, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் அது மட்டும்தான் என்றானது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

1998 வண்டி வந்த நாளில் நம் பக்கத்துப் பங்குகளில் ஈயப் பெட்ரோலும் விற்றுக்கொண்டிருந்தது. இன்று எத்தனாலைத் திட்டும்போது இதையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாலையோரம் கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள்.

மே 4

கலப்படம் பற்றி ஒருவர் கேட்கிறார். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிக மிகக் குறைவு, கொஞ்சம் கலந்தாலே நாக் வரும். ஒரு குறிப்பிட்ட பங்கில் போட்ட பிறகு மட்டும் சத்தம் வருகிறதென்றால் சந்தேகப்படலாம். பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்பது உங்கள் உரிமை. ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும்.

மே 11

கலவைக்கு வருகிறேன். ஏப்ரல் 6-ல் பெட்ரோல் காரணம் இல்லை என்றேன். ஆக்டேனைப் பொறுத்தவரை இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் எத்தனால் வேறொரு வழியில் உள்ளே வருகிறது, அதையும் சொன்னால்தான் நியாயம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5. ஊசி வைத்துப் பெட்ரோல் அடிக்கும் புதிய வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது. 1998-ல் துளைத்த ஜெட் அதே அளவைத்தான் விடும். ஆகவே கலவை ஏழெட்டு சதவீதம் லீனாகும். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கும் என்பதால் நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் இது நாக்காக வெளிப்படாது. ஏற்கெனவே ஜெட் பாதி அடைத்திருந்தால் வெளிப்படும்.

ஜெட் ஏன் அடைக்கிறது? எத்தனால், பழைய டேங்கில் இருபது வருடமாக ஒட்டியிருந்த பசையைக் கரைத்துக் கொண்டுவரும். பழைய ரப்பர் ஹோஸின் உட்புறத்தையும் ஊறவைத்து உதிர்க்கும். என் ஆம்னியின் ஃப்ளோட் சேம்பரை (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) திறந்தபோது அடியில் கருப்பாக ஒரு படிவு இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மை மாதிரி பரவியது, அது ரப்பர். மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரியவில்லை, ஒரு பக்கம் பிறை அளவுக்கு மூடியிருந்தது. கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் அடித்து, காற்று பிடித்து ஊதினால் போதும். ஹோஸ்களை எத்தனாலுக்கு ஏற்றதாக மாற்றி, புது பெட்ரோல் ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே வேலை.

அந்த ஸ்க்ரூ செருகிய வேக்யூம் ஹோஸ் படத்தில் வெடித்துத்தான் இருக்கிறது, மாற்றுங்கள். ஆனால் மேட்டில் வரும் நாக்குக்கு அது முதல் காரணமாக இருக்காது. ஐடிலில் மேனிஃபோல்டில் வேக்யூம் அதிகம், சின்ன ஓட்டை வழியாகவும் நிறைய காற்று போகும், ஐடில் தடுமாறும். மேட்டில் நன்றாக மிதிக்கும்போது வேக்யூம் குறைந்துவிடும், ஓட்டையால் பெரிய பாதிப்பில்லை. மிதிக்கும்போது லீனாகிறது என்றால் மெயின் ஜெட், ஃப்ளோட் மட்டம், ஃபில்டர், பெட்ரோல் பம்ப், இந்த வரிசைதான்.

மே 12

"தண்ணீர் தெளித்து டீகார்பன் செய்யலாமா?" என்று ஒருவர், அதாவது உள்ளே படிந்த கார்பனை எடுக்கலாமா என்கிறார். கார்புரேட்டர் வாய் வழியாகத் தண்ணீர் விடுவதைத்தானே கேட்கிறீர்கள்? வேண்டாம். அதில் விஷயம் இருக்கிறது என்பது உண்மை. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் நாக்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து அடித்தார்கள். ஆனால் அது அளந்து அடித்தது. கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு ஊற்றினால், ஒரு சிலிண்டரில் தண்ணீர் தேங்கினாலே கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரை அழுத்த முடியாது.

இரண்டரை லட்சம் ஓடிய இன்ஜினில் கார்பன் இருக்கும், மறுக்கவில்லை. பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் படிந்தால் உள்ளே இடம் குறைந்து கம்ப்ரஷன் கூடும், படிவு சூட்டையும் பிடித்து வைக்கும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு சிலிண்டர் மேனுவல் எண்ணைவிடக் கூடுதலாகக் காட்டினால் அதுதான் அடையாளம். பழைய இன்ஜினில் அழுத்தம் குறைவதுதான் இயல்பு, கூடினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. அப்படி என்றால் ஹெட்டை இறக்கிச் சீல் மாற்றும்போதே கார்பனையும் சுரண்டிக்கொள்ளலாம். கார்பனுக்காக மட்டும் இறக்க வேண்டாம், மற்றதையெல்லாம் முடித்துவிட்டுப் பார்க்கலாம்.

மே 25

சேலத்திலிருந்து செய்தி. ரேடியேட்டர் ராடிங் ஆயிற்று, தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்ததாம், புதிது போட்டாயிற்று. டீ போய்விட்டது. மெயின் ஜெட் நான் சொன்ன மாதிரியே ஒரு ஓரம் அடைத்திருந்ததாம். கம்ப்ரஷன் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, எண்ணுக்குச் சற்றுக் கீழே. புகை இல்லை. ஹெட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

முகூர்த்த நாள் லோடுடன் மதியம் ஏற்காடு ஏறியிருக்கிறார். சத்தம் இல்லை. ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் பஸ் நின்றதால் வேகம் விழுந்து, மூன்றாவதிலேயே மிதித்தபோது மட்டும் இரண்டு விநாடி அடித்ததாம்.

அது வண்டியின் கோளாறு இல்லை. ஆர்பிஎம் விழுந்த நிலையில் முழுதாக மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று, மெதுவான பிஸ்டன், ஓரத்துக் கலவைக்குப் பற்றிக்கொள்ள நிறைய நேரம். இரண்டாவதுக்கு இறக்கிவிடுங்கள். இன்ஜின் சத்தமாகச் சுற்றுகிறதே, பெட்ரோல் போகுமே என்று டாப் கியரிலேயே முனக வைப்பது நம் டிரைவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம். பழைய இன்ஜினுக்கு அந்த முனகல்தான் கெடுதல், சுற்றுவது இல்லை.

மே 26

புது வேன் வைத்திருப்பவர் ஒருவர், தன் வண்டியில் நாக்கே கேட்டதில்லை என்கிறார். இப்போது வரும் பல இன்ஜின்களில் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் இருக்கும். உள்ளே பீசோ படிகம், அதிர்வைக் கேட்டு மின்சாரமாக்கும். உடனே கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். உங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே அடக்கிவிடும். ஆனால் கார்பனோ சூடோ உள்ளே இருந்தால் இருக்கத்தான் செய்யும். மைலேஜ் குறைகிறது, இழுவை குறைகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் அதையும் சந்தேகப்படுங்கள்.

ஜூன் 1

சேலம் தம்பிக்கு: புது ஹோஸ் போட்ட பிறகும் டேங்கிலிருந்து பசை கொஞ்ச நாள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆடி மாதம் வேலை குறைவாக இருக்கும்போது ஃபில்டரை ஒரு தடவை மாற்றிவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றிப் படம் அனுப்புங்கள். மழைக்காலத்தில் வண்டி நாள்கணக்கில் நிற்குமென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைந்துவிடும். பாயிண்ட் கேப்பை அடுத்த சர்வீஸில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள், டைமிங் லைட்டும் அப்போது கையில் இருக்கட்டும்.